கூட்ஸ் வண்டி ஏன் நின்றுகொண்டே இருக்கிறது?

போன வாரம் ரயிலில் வரும்போது, பெயர்கூட ஞாபகமில்லாத ஒரு சின்ன ஸ்டேஷனில் நிலக்கரி ஏற்றிய கூட்ஸ் வண்டி ஒன்று, மற்ற வண்டிகளுக்கு வழிவிட்டு ஒதுங்கும் பக்கத் தண்டவாளமான லூப் லைனில் நின்றது. கார்டு கீழே இறங்கி வேப்பமர நிழலில் உட்கார்ந்திருந்தார். (2022 முதல் அவர்களை 'டிரெயின் மேனேஜர்' என்று சொல்ல வேண்டுமாம். பழைய வாய், கார்டு என்றுதான் வருகிறது.) எங்கள் வண்டி தாண்டிப் போனது. பின்னால் இன்னும் எத்தனை வண்டிகளுக்கு அது வழிவிட்டதோ.

சுதந்திரம் வாங்கிய புதிதில் நாட்டின் சரக்கில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் ரயிலில் போனது. இன்று கால்வாசியைச் சற்றுத் தாண்டினால் பெரிது. மிச்சத்தில் பெரும்பகுதி லாரியில் போகிறது. லாரிக்காரர்கள் தட்டிப் பறித்துவிட்டார்கள் என்று சொல்ல மாட்டேன், ரயில்வேதான் தூக்கிக் கொடுத்தது. கூட்ஸ் வண்டியின் சராசரி வேகம் பல வருடங்களாக மணிக்கு 25 கிலோமீட்டரை ஒட்டியே கிடந்தது. வண்டி ஓடாததால் இல்லை, ஓட விடாததால். எக்ஸ்பிரஸுக்கும் பாசஞ்சருக்கும் கூட்ஸுக்கும் ஒரே தண்டவாளம். நெருக்கடி வந்தால் முதலில் ஓரங்கட்டப்படுவது கூட்ஸ்தான்.

இதில் வேடிக்கை, ரயில்வே வருமானத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு அந்தக் கூட்ஸிலிருந்துதான் வருகிறது. நம் டிக்கெட் மலிவாக இருப்பதும் அந்தப் பணத்தால்தான். டிக்கெட்டைப் பெரிதாக ஏற்ற எந்த அரசுக்கும் தைரியம் இல்லை, அதனால் சுமை சரக்குக் கட்டணத்தில் விழுகிறது. வியாபாரி கணக்குப் பார்க்கிறார். பத்து டன் சரக்கு வைத்திருப்பவரால் ஒரு ரேக்கை, அதாவது முழு வண்டி நீள வேகன் வரிசையை, நிரப்ப முடியாது. லாரி குடோன் வாசலுக்கே வந்து ஏற்றிக்கொண்டு போகிறது. வாஜ்பாய் காலத்தில் தொடங்கிய தங்க நாற்கரச் சாலை 5,846 கிலோமீட்டருக்கு வந்தது. 2017இல் ஜிஎஸ்டி வந்ததும் மாநில எல்லைச் செக்போஸ்டுகளும் போயின. அப்புறம் யார் வேகனுக்குக் காத்திருப்பார்கள்?

ஆனால் அந்த வசதிக்கு இன்னொரு விலையும் கொடுக்கிறோம். 2022இல் மட்டும் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். மொத்தச் சாலை நீளத்தில் சுமார் 2 சதவீதமே உள்ள தேசிய நெடுஞ்சாலைகளில் அந்தச் சாவுகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நடந்தது. எல்லாவற்றுக்கும் லாரியைக் குற்றம் சொல்ல முடியாது, சரி. ஆனால் ஒரு நிலக்கரி ரேக் சுமக்கும் எடையை நெடுஞ்சாலையில் கொண்டுபோக நூற்றுக்கும் மேற்பட்ட லாரிகள் வேண்டும்.

வந்தே பாரத் எனக்கும் பிடிக்கும். பெரம்பூர் ஐசிஎஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் பிறந்த வண்டி, 180 கிலோமீட்டர் வேகம் போகக்கூடியது. சென்னை–கோவை 495 கிலோமீட்டரை ஆறு மணி நேரத்துக்குள் ஓடியதைப் பார்த்துப் பெருமைப்பட்டேன். ஆனால் புதுத் தண்டவாளம் போடாமல் ஒவ்வொரு வேக வண்டியைச் சேர்க்கும்போதும் எங்கோ ஒரு கூட்ஸ் லூப் லைனுக்குள் போகிறது. அந்தக் கணக்கைக் கொடியசைப்பு மேடையில் யாரும் சொல்வதில்லை.

மருந்து தெரியாமல் இல்லை. சரக்குக்கென்றே தனிப்பாதை போட 2006இல் ஒரு நிறுவனம் தொடங்கினார்கள். லூதியானாவிலிருந்து பீகாரின் சோன்நகர் வரை 1,337 கிலோமீட்டர் கிழக்குப் பாதை ஓடிக்கொண்டிருக்கிறது. மேற்கே தாத்ரியிலிருந்து மும்பைத் துறைமுகப் பக்கம் 1,506 கிலோமீட்டருக்கு இன்னொன்று. அங்கே கூட்ஸ் யாருக்கும் வழிவிட வேண்டியதில்லை. தெற்கே? எண்ணூர், சென்னை, தூத்துக்குடி என்று துறைமுகங்களை வரிசையாக வைத்துக்கொண்டு, ஒரு தனிப்பாதைகூட இல்லை.

நாம் கேட்டதும் இல்லை. எம்.பி.க்குப் போகும் மனுவில் எல்லாம் 'இன்ன எக்ஸ்பிரஸ் எங்கள் ஊரில் நிற்க வேண்டும்' என்றுதான் இருக்கும். அப்படி ஒரு மனுவில் நானும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். வண்டி இப்போது இரண்டு நிமிடம் நிற்கிறது. பின்னால் வரும் கூட்ஸ் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று அன்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.