கையெழுத்துப் போட ஆள் இல்லையென்றால்?

கல்யாணம் ஆகாத பைண்டிங் கடை அண்ணாச்சிக்கு, கையெழுத்துப் போட ரத்த சொந்தம் இல்லையென்று ஆபரேஷன் தள்ளிப்போனதைப் பற்றி எழுதியிருந்தேன். அந்தப் பதிவுக்கு வந்த பின்னூட்டங்களைப் படித்தேன். "ரூல்ஸ் அப்படி, டாக்டர் என்ன செய்வார்" என்பதோடு விட்டிருந்தால் பேசாமல் போயிருப்பேன். "காலாகாலத்தில் கல்யாணம் பண்ணியிருந்தால் இந்த நிலைமை வருமா" என்று ஒருவர் எழுத, அதற்கு அத்தனை லைக். அதனால்தான் மறுபடி எழுதுகிறேன்.

அண்ணாச்சி காலில் சர்க்கரைப் புண் அழுகி, நினைவு தப்பிக் கிடந்தார். முழங்காலுக்குக் கீழே எடுத்தாக வேண்டும். கூட இருந்தவர், பைண்டிங் கடையில் அவரோடு பல வருஷமாக வேலை பார்க்கும் அக்கா. எந்த மாத்திரை எந்த வேளைக்கு என்று அவருக்குத் தெரியும். "கால் போனாலும் உட்கார்ந்து தைச்சுக்குவேன், கண்ணு மட்டும் போயிடக் கூடாது" என்று அண்ணாச்சி அடிக்கடி சொன்னதும் தெரியும். ஆனால், "நீங்க யாரும்மா? ரத்த சொந்தத்தை வரச் சொல்லுங்க" என்றுவிட்டார்கள். கடைசியில் எங்கோ இருந்த தம்பி மகனைத் தேடிப்பிடித்து, அவர் போனில் சம்மதித்த பிறகுதான் தியேட்டருக்குக் கொண்டுபோனார்கள். அந்தத் தம்பி மகன் கேட்ட முதல் கேள்வி, "பெரியப்பாவுக்கு சுகரா?"

சொந்தம் இல்லாதவருக்காக முடிவெடுக்க ஓர் ஏற்பாடு வேண்டும். நான் கேட்பது இவ்வளவுதான்.

"அப்புறம் ஒரு சொந்தக்காரன் வந்து டாக்டரை அடித்தால்?" நியாயமான பயம்தான். ஆனால் அவசரத்தில் சம்மதம் வாங்க ஆளே இல்லையென்றால், நோயாளியின் நன்மைக்காக நல்லெண்ணத்தோடு செய்வது குற்றமாகாது என்று இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 30ஆம் பிரிவு சொல்கிறது. பழைய தண்டனைச் சட்டத்தில் 92ஆம் பிரிவாக இருந்ததுதான். அது போதாதென்றால், அந்த சிகிச்சையில் சம்பந்தப்படாத இரண்டு டாக்டர்கள், ஒரு சமூகப் பணியாளர், நோயாளியை நன்றாகத் தெரிந்த ஒருவர் என்று உட்கார்ந்து முடிவெடுக்கட்டும். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தில், நோயாளியின் சார்பில் பேச, அவரே நியமித்தவரோ உறவினரோ இல்லையென்றால் பராமரிப்பவர், அவரும் இல்லையென்றால் மனநல மறுஆய்வு வாரியம் நியமிப்பவர், யாருமே இல்லையென்றால் சமூக நலத்துறை இயக்குநர் என்று வரிசையே இருக்கிறது. மனநல சிகிச்சைக்கு முடிவது அறுவை சிகிச்சை வார்டுக்கு ஏன் முடியாது?

"கண்டவர்களும் சொத்துக்காகக் கையெழுத்துப் போடுவார்கள்" என்கிறீர்கள். சொத்து ஆசை ரத்த சொந்தத்துக்கு வராதா? எந்த ஊர் கோர்ட்டுக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள்.

"முன்கூட்டியே எழுதி வைக்கலாமே" என்பவர்களுக்கு: உச்ச நீதிமன்றம் 2018இல் அனுமதித்து, 2023இல் நடைமுறையை எளிதாக்கிய அந்த ஆவணம், மீள வழியில்லாத நிலையில் உயிர்காக்கும் சிகிச்சையை நிறுத்துவது பற்றியது. காலை எடுக்கலாமா என்பதற்கு அது உதவாது.

அருணா ஷான்பாக் வழக்கை நினைத்துப் பாருங்கள். 1973இல் தாக்கப்பட்டு, 2015இல் இறக்கும்வரை மும்பை கே.இ.எம். மருத்துவமனையிலேயே கிடந்த நர்ஸ். பெற்றோர் இல்லை, உறவினர்கள் விலகிவிட்டார்கள். உணவூட்டுவதை நிறுத்தி அவரை இறக்க விடலாமா என்ற அந்த வழக்கில், அவருக்காகப் பேசும் தகுதி, அத்தனை வருஷம் பார்த்துக்கொண்ட அந்த மருத்துவமனை ஊழியர்களுக்குத்தான் என்று 2011இல் உச்ச நீதிமன்றமே சொன்னது. குளிப்பாட்டி, சோறூட்டியவர்களுக்குக் கிடைத்த அந்த மரியாதை எங்கள் தெரு அக்காவுக்குக் கிடைக்கவில்லையே.

எனக்கும் கல்யாணம் ஆகவில்லை. அம்மா போன பிறகு எனக்கென்று இருப்பது இரண்டு தோழிகள். நான் நினைவில்லாமல் கிடந்தால், என்னைப் பற்றி எல்லாம் தெரிந்த அவர்கள் வராந்தாவில் நிற்க வேண்டும். யாரோ ஒரு ஒன்றுவிட்ட சித்தப்பா போனில் என் உடம்பை முடிவு செய்வார். இதை எழுதும்போதே கை நடுங்குகிறது.

தோழிகளின் பெயரையும் நம்பரையும் எழுதி, கையெழுத்துப் போட்டு பர்ஸில் வைத்திருக்கிறேன். இங்கே இருக்கும் டாக்டர்கள், வக்கீல்கள் சொல்லுங்கள்: அந்தத் தாளை நீங்கள் ஏற்றுக்கொள்வீர்களா?