அது ஓட்டை இல்லை, காற்றுத் துளை

கழுத்தில் ஓட்டை உள்ள ஒரு செம்பைக் காட்டி, இது என்ன என்று ஒருவர் கேட்டிருந்தார். இது இருநூறு வருஷப் பழைய கோயில் அபிஷேகச் செம்பு, கழுத்தில் இருப்பது அரித்து விழுந்த ஓட்டை, ஈயம் வைத்து அடைத்தால் சரியாகிவிடும் என்று இன்னொருவர் பதில் சொல்லியிருக்கிறார். தயவுசெய்து அடைத்துவிடாதீர்கள்! அடைத்தால் அந்தப் பொருளின் உயிரே போய்விடும்.

இது மேஜிக் மேடைகளில் புழங்கிய 'லோட்டா'. உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். நடுவில் ஒரு குழாய் இறங்கும், அதன் அடியில் இன்னொரு துளை. அது சுற்றியுள்ள மறைவான அறைக்குப் போகிறது. செம்பை நிரப்பி, கழுத்துத் துளையை விரலால் அழுத்திக்கொண்டு கவிழ்த்தால் நடுக்குழாய்த் தண்ணீர் மட்டும்தான் கொட்டும். பார்ப்பவர்களுக்குச் செம்பு காலி. நிமிர்த்தி வைத்து விரலை எடுத்ததும் காற்று உள்ளே புகும், மறைந்திருந்த தண்ணீர் நடுவில் ஏறி நிற்கும். அப்புறம் மறுபடியும் கொட்டலாம்.

வங்காளத்து மேஜிக் கலைஞர் பி. சி. சர்க்கார் தன் காட்சிகளில் இதை 'வாட்டர் ஆஃப் இந்தியா' என்ற பெயரில் செய்து காட்டினார். ஒவ்வொரு அயிட்டத்துக்கும் நடுவில் வந்து, அதே செம்பைக் கவிழ்ப்பார்.

இருநூறு வருஷப் பழசு என்பதையும் உருவத்தை வைத்து மட்டும் சொல்ல முடியாது. மேஜிக் கடைகளில் லோட்டா இன்றும் புதிதாகவே கிடைக்கிறது.