முகமூடி மாட்டினால் மதுரை கொடைக்கானல் ஆகிவிடாது

அந்த மைதான வீடியோவை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். மலை உயரத்தில் ஓடுவதற்குச் சமம், 'மலைப் பயிற்சி' என்று சொல்லி பிள்ளைகளுக்கு ரப்பர் முகமூடி மாட்டி, மூச்சு அடங்கும் முன்பே அடுத்த ஓட்டம், அதற்கடுத்த ஓட்டம். கடைசியில் ஒரு பிள்ளை கோட்டருகே அப்படியே உட்கார்ந்துவிட்டாள். 'இது மலைப் பயிற்சி இல்லை, கழற்றிவிடுங்கள்' என்று கீழே ஒரு வரி எழுதினேன். நேற்றிலிருந்து எனக்கு வரும் பதில்: 'பொறாமை.'

சரி, பொறாமை என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆனாலும் முகமூடி மலை ஆகாது. அது மூச்சை இழுக்கச் சிரமம் கொடுக்கும், அவ்வளவுதான். உள்ளே போவது நம்ம மதுரைக் காற்று, 20.9 சதவீத ஆக்சிஜனோடு. கொடைக்கானலிலும் அதே 20.9 தான். ஆனால் அங்கே 2,100 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடுகிறது; ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் அவ்வளவு குறைகிறது. ஏரியைச் சுற்றி நாலு எட்டு ஓடினாலே இளைப்பது அதனால்தான். அந்த அழுத்தத்தை எந்த ரப்பரும் குறைக்காது.

'அறிவியலுக்கு எதிரி' என்கிறார் ஒரு தம்பி. இல்லை தம்பி. குறைந்த ஆக்சிஜனில் அதிவேகப் பயிற்சி என்பது உண்மையிலேயே இருக்கிறது. 2013-ல் சுவிட்சர்லாந்தின் லோசான் ஆய்வாளர்கள் 3,000 மீட்டர் உயரத்துக்கு ஈடாக ஆக்சிஜன் குறைத்த காற்றில், சைக்கிளில் 10 விநாடி முழுவேகமாகத் திரும்பத் திரும்ப மிதிக்க வைத்தார்கள். அடுத்தடுத்த பாய்ச்சல்களில் களைப்பு தள்ளிப்போனது. ஆனால் ஒற்றைப் பாய்ச்சலின் வேகத்தில், சாதாரணக் காற்றில் பழகியவர்களை அவர்கள் முந்தவில்லை. பிறகு வந்த ஆய்வுகளும் ஒரே மாதிரி சொல்லவில்லை. கால்பந்து, ஹாக்கி ஆடுபவர்களுக்கு உதவலாம். 100 மீட்டர் ஓடும் பள்ளிப் பிள்ளைக்கு எதற்கு? அங்கே மிதித்தவர்கள் வளர்ந்த ஆண்கள், ஐயா.

நான் ஏன் கொதிக்கிறேன் என்றால், பன்னிரண்டாம் வகுப்பில் 400 மீட்டரின் கடைசி வளைவில் எனக்குக் கண் இருட்டும். 'சாக்குச் சொல்லாதே' என்று எங்கள் சார் இன்னும் இரண்டு சுற்று விடுவார். அப்புறம் கல்லூரி ரத்ததான முகாமில் நர்ஸ் அக்கா என் கீழிமையை இழுத்துப் பார்த்தார். விரலில் குத்தினார். ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் வெறும் 8. 'உனக்கே ரத்தம் ஏத்தணும் போல, போய்ச் சாப்பிடும்மா' என்றார். அதுவரை நான் சோம்பேறி என்றே நம்பியிருந்தேன். என் தசைக்குப் போதுமான ஆக்சிஜன் போய்ச் சேரவில்லை என்று யாரும் சொல்லவில்லை. தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கும் மேல் ரத்தசோகை என்கிறது 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு. அந்த மைதானத்தில் எத்தனை பேருக்கு விரலில் குத்திப் பார்த்தீர்கள்?

'மன உறுதி வளரும்' என்பவர்களுக்கு: நம்ம மதுரைப் பக்கத்துச் சக்கிமங்கலம் ஓட்டக்காரி ரேவதி வீரமணி ஆரம்பத்தில் ஷூகூட இல்லாமல் ஓடி டோக்கியோ ஒலிம்பிக் வரை போனார். எங்கள் ஊர்ப் பெண்களுக்கு உறுதி குறைவு என்று யார் சொன்னது?

'பிள்ளைக்குத்தான் ஒன்றும் ஆகலையே' என்று கேட்டவர்களுக்கு நான் பதில் சொல்லப்போவதில்லை. வீடியோவை இன்னொரு முறை பாருங்கள். உட்கார்ந்ததும் இரண்டு கையாலும் பின்மண்டையில் முகமூடியின் பட்டையைத் தேடுகிறாள். அகப்படவில்லை. 'எழுந்திரு, எழுந்திரு' என்று ஒரு குரல். தண்ணீர் கொண்டுவர ஒருவர்கூட நகரவில்லை.

அவள் வீட்டாரைத் தெரிந்தவர்கள் இதைப் படித்தால், பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் ரத்தம் மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். ஆட்டோ காசு நான் தருகிறேன்.