வராத காரை எதற்குக் காட்டுகிறீர்கள்?

ஏறவே முடியாத காரை டாக்ஸி ஆப்பில் எதற்குக் காட்டுகிறார்கள்? பாலிக்குப் போய் வந்தவர்கள் யாராவது பதில் சொல்லுங்கள். ஊர் திரும்பி ஒரு வாரம் ஆகியும் எனக்கு ஆறவில்லை.

பாலியில் உபுத் என்ற ஊரின் அரண்மனையில் ராத்திரி லெகோங் என்கிற பாலி நடனம் பார்க்கப் போயிருந்தோம். நடனம் அருமை, அதில் ஒரு குறையும் கிடையாது. முடிந்து வெளியே வரும்போது மணி ஒன்பது. தங்கியிருந்த அறை தெகலாலாங் ஊருக்குப் போகிற சாலையில், ஆறு கிலோமீட்டர் தள்ளி. கூட அம்மா, முட்டி வலியோடு. ஆப்பைத் திறந்தால் எங்களைச் சுற்றிலும் குட்டிக் குட்டியாகக் கார்கள். கட்டணம் 48,000 ரூபியா, நம் காசுக்கு இருநூற்றைம்பது சொச்சம். புக் செய்தேன். உடனே ஏற்றுக்கொண்டார். நாலு நிமிடத்தில் வருவாராம்.

நாலு நிமிடம் பத்து ஆனது. கார் படம் அதே இடத்தில் நிற்கிறது. பிறகு ஒரு செய்தி: "அரண்மனைப் பக்கம் வர எனக்கு அனுமதி இல்லை. அர்ஜுனன் சிலைக்கு நடந்து வாருங்கள்." அர்ஜுனன் சிலை கிழக்குக் கோடியில், ஒரு கிலோமீட்டருக்கு மேல். உபுத்தின் நடைபாதையில் நடந்தவர்களுக்குத் தெரியும்: பாதி இடத்தில் கல் பெயர்ந்து சாக்கடை வாய் பிளந்திருக்கும், மீதி இடத்தில் ஸ்கூட்டர் நிறுத்தியிருப்பார்கள். அதில் இருட்டில், மூட்டுத் தேய்ந்த எழுபது வயது அம்மாவை நடத்திக் கூட்டிப் போக வேண்டுமாம்.

எதிரிலேயே "டாக்ஸி" என்று அட்டை பிடித்துக்கொண்டு உள்ளூர் டிரைவர்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். சரி, அதிகம் ஆனாலும் பரவாயில்லை என்று கேட்டேன். இரண்டரை லட்சம் ரூபியா. ஆறு கிலோமீட்டருக்கு! ஆப் காட்டுவதைப்போல இருமடங்கு தருகிறேன் என்றேன். அவர் என் போனை எட்டிப் பார்த்து, "அது இங்கே வராது, பாஸ்" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவருக்கு அவசரமே இல்லை. கூட்டம் கலையக் கலைய எங்களுக்கு வேறு வழி இருக்காது என்று அவருக்கு நன்றாகத் தெரியும்.

நடந்தோம். அம்மா ஒவ்வொரு கடைப் படியிலும் உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தார். "இன்னும் எவ்வளவு தூரம்பா?" என்று கேட்கும்போதெல்லாம் "இதோ வந்தாச்சும்மா" என்று பொய் சொன்னேன். ஒருவழியாகச் சிலையை அடைந்தால், ரத்து. காத்திருந்தவர் போய்விட்டார். மறுபடி புக் செய்தேன். அடுத்தவர், "மீட்டருக்கு மேல் ஒரு லட்சம் சேர்த்துத் தந்தால் வருகிறேன்" என்று எழுதினார். சரி, வாருங்கள் என்று ஒத்துக்கொண்டேன். அவரும் ரத்து செய்தார். கடைசியில் தெருவோரம் நின்ற ஒரு உள்ளூர் டாக்ஸியில் இரண்டு லட்சத்துக்குப் பேசி ஏறினோம்.

இனிதான் கொடுமை. அந்தக் காரின் முன்பக்கத்தில் மாட்டியிருந்த போனில் ஓடிக்கொண்டிருந்தது அதே ஆப்! அதே ஆள், அதே கார், அதே சாலை. ஆப் வழியாக வந்தால் 48,000, கையைக் காட்டி நிறுத்தினால் இரண்டு லட்சம்.

ஊர்க்காரர்கள் கோபம் எனக்குப் புரியாமல் இல்லை. வெளியூர் கார்கள் வந்து பிழைப்பைப் பறிக்கின்றன என்று பஞ்சார் எனப்படும் ஊர்ச் சபைகள் பல இடங்களில் ஆப் வண்டிகளுக்குத் தடைப் பலகை வைத்திருக்கின்றன. 2025 ஜனவரியில் பாலியின் தலைநகர் தென்பசாரில் டிரைவர்கள் திரண்டு போராட்டமே நடத்தினார்கள். அவர்கள் ஊர், அவர்கள் சாலை, சம்பாதிக்கட்டும். ஆனால் அரண்மனை வாசலில் ஒரு பலகையில் எங்கே போக எவ்வளவு என்று எழுதிப் போடுங்கள். லட்சம் என்றாலும் கொடுத்துவிட்டு ஏறுவோம். ஆப் நிறுவனமோ அந்தத் தெருவுக்குள் வண்டி வராது என்று தெரிந்தே முன்பதிவை வாங்கிக்கொள்கிறது. வரைபடத்தில் அந்த இடத்தைச் சிவப்பாக்க எவ்வளவு நேரம் ஆகும்?

அரசாங்கம் என்ன செய்கிறது என்று கேட்கிறீர்களா? வசூல் எல்லாம் கச்சிதமாக நடக்கிறது. விமான நிலைய விசாவுக்கு ஐந்து லட்சம் ரூபியா. 2024 பிப்ரவரி 14 முதல் சுற்றுலா வரி என்று தலைக்கு இன்னொரு ஒன்றரை லட்சம். கலாசாரத்தையும் சுற்றுச்சூழலையும் காக்க என்கிறார்கள், மனதாரக் கொடுத்தேன். ஆனால் அந்தத் தீவில் ஒரு ரயில் கிடையாது. 2024-ல் சுரங்க ரயில் வேலைக்குத் தொடக்க விழா எடுத்தார்கள், அதற்கப்புறம் ரயிலைக் காணோம். இருந்த ஒரே உருப்படியான பேருந்துச் சேவையையும் 2025 புத்தாண்டன்று நிறுத்தி, மக்கள் கத்திய பிறகு ஏப்ரலில் திரும்ப விட்டார்கள். 2024-ல் மட்டும் வெளிநாட்டிலிருந்து அறுபது லட்சம் பேருக்கு மேல் வந்த தீவு அது! 2023 டிசம்பர் கடைசியில் விமான நிலையச் சாலை அப்படியே உறைந்துபோய், ஜனங்கள் பெட்டியை இழுத்துக்கொண்டு சுங்கச்சாலையில் நடந்த படங்களைப் பார்த்திருப்பீர்கள். உபுத்திலிருந்து விமான நிலையம் முப்பத்தைந்து கிலோமீட்டர் சொச்சம்தான். திரும்பும் நாளில் அந்தப் பயத்தில் ஐந்து மணி நேரம் முன்னதாகவே கிளம்பினோம். வழி முழுக்க அம்மா பேசவே இல்லை.

"ஸ்கூட்டர் எடுக்கலாமே" என்று யாரும் எழுதாதீர்கள். அம்மாவைப் பின்னால் உட்கார வைத்து அந்த மேட்டிலும் பள்ளத்திலும் ஓட்டிக் காட்டுங்கள், அப்புறம் பேசுவோம்.

அப்புறம் பணம் மாற்றும் கடையில் நான் நீட்டிய அந்த டாலர் நோட்டு! மடிப்பு விழுந்திருக்கிறதாம், ஓரத்தில் பொட்டு அளவு மை இருக்கிறதாம், அதனால் குறைந்த விலைதானாம். நூறு டாலர் நோட்டுக்கு ஒரு விலை, இருபது டாலர் நோட்டுக்கு வேறு விலை. செல்லும் நோட்டு, கிழிசல் கிடையாது, கள்ள நோட்டும் கிடையாது. பணத்தை மடிக்காமல் எந்த ஊரில் ஐயா பையில் வைக்கிறார்கள்?