ஆறடி மண்கரையை 'வேலி' என்று எழுதினால் போதுமா?

பிரெஞ்சு எழுத்தாளர் பால்சாக்கின் நாவலை மொழிபெயர்த்தபோது, வயல்வேலிகளை விவரிக்கும் பக்கங்களை வெட்டியது சரிதான் என்று நேற்றிலிருந்து ஆளாளுக்கு எழுதுகிறீர்கள். மனசு கேட்கவில்லை, அதனால் சொல்லிவிடுகிறேன். அது வர்ணனை இல்லை, கதையே அதுதான்.

அந்த நாவல், 'லே ஷுவான்' (1829), நடப்பது பிரான்ஸின் வடமேற்கிலுள்ள பிரிட்டனி பகுதியின் எல்லையில், ஃபூஜேர் ஊரைச் சுற்றி. அங்கே வயலுக்கு வயல் ஆறடி மண்கரை. அதன் உச்சியில் செஸ்ட்நட், ஓக், பீச் மரங்கள். வயலுக்குள் போக ஒரு மரத்தண்டுதான் கதவு. அதன் ஒரு முனையில் துளையிட்டு, நட்ட கட்டையில் செருகியிருப்பார்கள். கட்டையைத் தாண்டி நீளும் முனையில் பாரம் இருப்பதால் சின்னப் பிள்ளைகூட அதைத் திறந்துவிடும். 1799இல் மன்னராட்சி ஆதரவுக் கலகத்தை அடக்க அங்கே வந்த பிரெஞ்சுக் குடியரசுப் படைக்கு ஒவ்வொரு வயலும் ஒரு கோட்டை. கரையை எடுத்துவிட்டால், கையில் ஒரு துப்பாக்கியோடு அந்தக் கலக விவசாயிகள் எப்படிப் படையை மறித்தார்கள் என்பது வாசகனுக்கு எப்படிப் புரியும்?

"வேலி என்ற சொல்லே போதும்" என்கிறீர்கள். போதாது. கம்பி கட்டினாலும் வேலிதான், முள் வெட்டிப் போட்டாலும் வேலிதான். உயிருள்ள செடிகளையே வேலியாக வளர்ப்பதற்கு 'உயிர்வேலி' என்று நல்ல சொல் நம்மிடமே இருக்கிறதே! குளிர்காலத்தில் செடியின் தண்டை அடியில் முக்கால்வாசி வெட்டி, ஒரு பட்டையை மட்டும் விட்டுச் சாய்த்துப் பின்னுவார்கள். வெட்டு ஆழமில்லாவிட்டால் வளைக்கும்போதே முறியும், கூடிப்போனால் சாறு ஏறாமல் காயும். கரையோரப் பள்ளத்தில் தோண்டிய மண் எந்தப் பக்கம் கொட்டிக்கிடக்கிறதோ, பள்ளம் அந்தப் பக்கத்துக்காரனுக்குச் சொந்தம். இது பிரெஞ்சு சிவில் சட்டத்திலேயே இருக்கிறது. இவ்வளவும் சேர்ந்ததுதான் அந்த ஊர் வேலி.

"இன்றைய வாசகனுக்குப் பொறுமை இல்லை" என்பதற்கு நான் பதில் சொல்லப்போவதில்லை. இன்னொரு பிரெஞ்சு எழுத்தாளர் புரூஸ்த்தின் நாவலை மட்டும் நினைத்துப் பாருங்கள். நண்பர் ஸ்வானின் மனைவியோடு உறவு வேண்டாம் என்று ஸ்வானின் தோட்டப் பக்கமே போகாத கதைசொல்லிச் சிறுவனின் குடும்பம், அவள் ஊரில் இல்லை என்று நம்பி ஒருநாள் அந்த வழியே நடக்கிறது. ஹாதார்ன் என்ற முட்செடி வெள்ளையாகப் பூத்த உயிர்வேலி. நடுவே இளஞ்சிவப்பாய் ஒன்று. அதன் இடைவெளியில், கையில் மண்வெட்டியோடு ஒரு சிறுமி. அந்தச் சிறுவன் ஸ்வானின் மகள் ஜில்பெர்த்தை முதன்முதலில் பார்ப்பது அங்கேதான். அந்த வேலியையும் வெட்டுவீர்களா?

1950க்குப் பிறகு பிரான்ஸில் இந்த வேலிகளில் 70 சதவீதம் அழிந்துவிட்டது. துண்டு நிலங்களை ஒன்றாக்கி டிராக்டர் திரும்ப இடம் விடவேண்டும் என்று கரைகளைத் தள்ளினார்கள். பறவைக்குக் கூடும் போயிற்று, மழைநீரை நிறுத்தும் தடுப்பும் போயிற்று. எனக்கு வலிப்பது அதனால்தான். நிலத்திலிருந்து போனது புத்தகத்திலாவது இருக்கட்டும். அடுத்த பதிப்பில் அந்தப் பக்கங்களைத் திருப்பிச் சேருங்கள்.