பெரியவங்களுக்கு ஆப் பண்ற தம்பிங்களுக்கு

வயசானவங்களுக்கு உதவி பண்ண ஒரு ஆப், பக்கத்துல இருக்கற வாலண்டியரையும் தேவை இருக்கறவங்களையும் கோத்து விட்ருவோம்னு அடிக்கடி யாராவது கிளம்பி வர்றாங்க. நல்ல மனசுதான், கொற சொல்லல. ஆனா எல்லாருமே வாலண்டியர் கிடைக்கறதுதான் கஷ்டம்னு நெனச்சு ஆரம்பிக்கறாங்க பாருங்க, அதுதான் எனக்கு ஒத்துவரல.

இங்கிலாந்துல 2020 மார்ச் லாக்டவுன்ல, வெளிய வர முடியாதவங்களுக்கு மளிகை மருந்து வாங்கிக் குடுக்க, போன்ல பேச ஆள் வேணும்னு அரசாங்கம் கேட்டுச்சு. கேட்டது 2,50,000 பேர், சில நாள்லயே ஏழரை லட்சம் பேர் பதிவு பண்ணி, கொஞ்சம் நிறுத்துங்கப்பான்னு சொல்ற நிலைமை. குட்சாம்னு ஒரு ஆப், அதுல ஆன் டூட்டி போட்டு வச்சா பக்கத்துல இருக்கற வேலை வரும். நிறைய பேருக்கு வாரக்கணக்குல ஒண்ணுமே வரல! ஆரம்பத்துல டாக்டரோ பார்மசியோ கவுன்சிலோ சொன்னாதான் வேலை உள்ள வரும், அப்புறம் பெரியவங்களே கூப்பிடலாம்னு திறந்து விட்டாங்க, அதுவும் போன் நம்பரா.

உதவி கேக்கறதுல நம்மாளுங்க சமாச்சாரம் இன்னும் மோசம். மாத்திரை தீர்ந்துபோனாலும் "உனக்கு எதுக்குப்பா சிரமம்"னுதான் சொல்வாங்க, இதுல எங்க ஆப்ப திறந்து 'உதவி தேவை'ய அமுக்கறது? அதுலயும் ஓடிபி சொல்லாதீங்க, தெரியாத ஆளுக்குக் கதவு திறக்காதீங்கன்னு அவங்கள மிரட்டி வச்சதே நாமதான், இப்ப ஸ்க்ரீன்ல ஒரு போட்டோவக் காட்டி இந்தப் பையன நம்புங்கன்னா எப்படி நம்புவாங்க.

பென்ஷன் வாங்கறவங்க உயிரோட இருக்காங்கன்னு வருஷாவருஷம் குடுக்கற லைஃப் சர்டிபிகேட் பாருங்க. அத டிஜிட்டலா குடுக்க ஜீவன் பிரமாண்னு அரசாங்க ஏற்பாடு 2014லயே வந்துருச்சு, இப்ப மொபைல்ல முகத்தக் காட்டியே முடிச்சுரலாம். ஆனா தனியா இருக்கற பல பேருக்கு வேலை நடக்கறது போஸ்ட்மேன் வீட்டுக்கே வந்து செஞ்சு குடுக்கறதாலதான். டெக்னாலஜி அவர் கையில, பெரியவங்க நம்பறது அவர் முகத்த. 14567னு பெரியவங்களுக்கான அரசாங்க ஹெல்ப்லைன், எல்டர்லைன் இருக்கே, இலவசம், காலைல 8லேர்ந்து ராத்திரி 8 வரை மனுஷங்க எடுத்துப் பேசறாங்க, அது எத்தன வீட்டுக் காலண்டர்ல எழுதி வச்சிருக்கு சொல்லுங்க.

அதனால தம்பிங்களா, தாத்தா போன்ல ஆப் ஏத்தறத விடுங்க. வாராவாரம் அரிசி வாங்கறவங்க இந்த வாரம் வரலன்னு மொதல்ல கவனிக்கறது தெருமுனை மளிகைக்கடை அண்ணாச்சி, அவருக்கு ஒரு லாகின் போட்டுக் குடுங்க.