ஆஸ்பத்திரிக்குள் மணமேடை

2018-இல் ஒரு டாக்டர் போன் பண்ணிக் கேட்டார்: "ஏனுங்க சார், என்ற ஆஸ்பத்திரில மணமேடை எதுக்குங்க?"

கோவையில் பன்னிரண்டு பேர் வேலை செய்யும் ஆர்க்கிடெக்ட் ஆபீஸ் எங்களுடையது. அதற்கு முந்தைய மாதம் ஒரு கல்யாண மண்டபத்துக்கு ஃபீஸ் புரப்போசல் கொடுத்திருந்தோம். அந்த வேர்டு ஃபைலையே 'சேவ் ஆஸ்' போட்டு, பெயரை மாற்றி, பரப்பளவை மாற்றி டாக்டருக்கு அனுப்பிவிட்டோம். நாலாம் பக்கத்தில் மணமேடையும் ஐந்நூறு பேர் உட்காரும் பந்தி ஹாலும் அசையாமல் இருந்தன. டாக்டர் சிரித்தார், வேலையும் கொடுத்தார். எனக்குத்தான் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேச முடியவில்லை.

ஆர்க்கிடெக்ட் என்றால் நாள் முழுக்க வரைவோம் என்று வெளியே ஒரு நினைப்பு. வரைவதைவிட அதிகம் டைப் அடிக்கிறோம். புரப்போசல், மீட்டிங் மினிட்ஸ், எந்த டிராயிங் என்று அனுப்பினோம் என்று சொல்லி டிராயிங்கோடு போகும் டிரான்ஸ்மிட்டல் கடிதம், காண்ட்ராக்டருக்குக் கடிதம், வேலை நடக்க நடக்க காண்ட்ராக்டர் போடும் ஆர்.ஏ. பில்லைச் சரிபார்த்த சான்று, மாநகராட்சிக்கு மனு. எதை எடுத்தாலும் திரும்பத் திரும்ப வருவது ஒரு கைப்பிடி விஷயம்தான்: புராஜெக்ட் பெயர், எண், கிளையன்ட் பெயர், சர்வே எண், தேதி, டிராயிங் எண், அது எத்தனையாவது ரிவிஷன். ஒரு சின்ன வீட்டு வேலையில் சர்வே எண்ணை எத்தனை இடத்தில் அடிக்கிறோம் என்று எண்ணத் தொடங்கி, முப்பதைத் தாண்டியதும் விட்டுவிட்டேன். அதில் ஒரு இடத்தில் உட்பிரிவு எண் தப்பினால் மனு திரும்பி வரும்.

அடுத்த வருஷம் ஆபீஸ் மேனேஜ்மென்ட் சாஃப்ட்வேர் ஒன்று வாங்கினோம். எந்த வேலை எந்தக் கட்டத்தில் இருக்கிறது, யார் எத்தனை மணி நேரம் செலவழித்தார்கள், எந்தத் தவணைக்கு இன்வாய்ஸ் போடவில்லை, எல்லாம் அதில் தெரியும். அந்த மட்டில் நல்ல பொருள். விற்க வந்த தம்பி ஒன்று சொன்னார்: "இனி வேர்டே வேண்டாம் சார், லெட்டரெல்லாம் இதுக்குள்ளயே அடிச்சுக்கலாம்." உள்ளே போய்ப் பார்த்தால் ஒரு பெட்டி. அதில் அட்டவணை போட்டால் கோடு உடைகிறது, லெட்டர்ஹெட் இரண்டாம் பக்கத்துக்கு ஓடுகிறது. பத்து நாளில் எல்லோரும் வேர்டில் அடித்து அந்தப் பெட்டிக்குள் ஒட்ட ஆரம்பித்துவிட்டார்கள். ஒரு வேலை இரண்டு வேலையானது.

இதில் என் கட்சி இதுதான். வேர்டை ஒழிக்கக் கூடாது. எழுதுவதற்கு முன்னால் விவரங்களை எடுத்துக் கொடுப்பதும், எழுதி முடித்தபின் கடிதத்துக்கு ஒரு எண் போட்டு வாங்கி வைப்பதும் சாஃப்ட்வேரின் வேலை. நடுவில் எழுதுகிறவனை அது தொந்தரவு செய்யக் கூடாது. சர்வே எண் ஒரே ஒரு இடத்தில்தான் அடிக்கப்பட வேண்டும். ஆனால் "பேஸ்மென்ட்டில் தண்ணீர் ஊறுவதை நாங்கள் மார்ச்சிலேயே சுட்டிக்காட்டினோம்" என்ற வாக்கியத்தை ஒரு ஆள்தான் உட்கார்ந்து எழுத வேண்டும்.

தொழில்நுட்பமாக இது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. வேர்டு 2007 முதல் வரும் டாக்எக்ஸ் ஃபைல், உள்ளுக்குள் ஒரு ஜிப் மூட்டை. பெயரின் வாலை ஜிப் என்று மாற்றித் திறந்தால் உள்ளே வெறும் எழுத்தாகப் படிக்கக்கூடிய எக்ஸ்எம்எல் ஃபைல்கள் கிடக்கும். டெம்ப்ளேட்டில், அதாவது மாதிரிக் கடிதத்தில், 'கிளையன்ட் பெயர்' என்று அடையாளம் வைத்த இடத்தைத் தேடி, சாஃப்ட்வேர் அங்கே பெயரை நிரப்புகிறது. கண்ணுக்கு ஒரே சொல்லாகத் தெரிவதை வேர்டு உள்ளே இரண்டு மூன்று துண்டாக வெட்டி வைத்திருந்தால் மட்டும் சாஃப்ட்வேருக்கு அது அகப்படாது. பாதி நாள் இதில் போயிருக்கிறது. அடையாளத்தை அழித்துவிட்டு ஒரே மூச்சில் மறுபடி அடித்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். அதைவிட, நிரப்ப வேண்டிய இடத்தைக் கட்டம் கட்டிவைக்கும் வேர்டின் கன்டென்ட் கன்ட்ரோலையே பயன்படுத்தினால் இந்தத் தலைவலி வராது.

சாஃப்ட்வேருக்குக் காசு இல்லாதவர்கள் எக்செல்லில் புராஜெக்ட் பட்டியல் வைத்து, அதிலிருந்து விவரங்களை வேர்டு கடிதத்துக்குள் இழுக்கும் மெயில் மெர்ஜ் போடலாம், நாங்களும் அங்கேதான் தொடங்கினோம். மார்ச் 5 என்று எக்செல்லில் இருப்பது வேர்டுக்கு வரும்போது அமெரிக்கக் கணக்கில் மாதம் முன்னால், நாள் பின்னால் என்று திரும்பி நிற்கும். விவரம் தானாக வந்து நிரம்பும் இடத்துக்கு ஃபீல்டு என்று பெயர், அதற்குள் தேதி வடிவத்தைச் சொல்லித் திருத்தலாம், ஆனால் அதில் பெரிய எம் போட்டால் மாதம், சின்ன எம் போட்டால் நிமிடம்! தொகையை எழுத்தால் எழுதும் வசதி இன்னும் வேடிக்கை. 1,50,000 என்று கொடுத்தால் லட்சம் என்று வராது, 'ஒன் ஹண்ட்ரட் ஃபிஃப்டி தவுசண்ட்' என்று வரும். 9,99,999 வரைதான் அதற்கு எண்ணத் தெரியும். ஃபீஸ் பத்து லட்சத்தைத் தொட்டால் 'எரர்' என்று அச்சாகும். நல்ல ஃபீஸ் கேட்கிற அன்றைக்குத்தான் அது மக்கர் பண்ணும்.

பெயர் விஷயம் தனிக் கதை. வெளிநாட்டு சாஃப்ட்வேர்களில் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம் இருக்கும். நம் ஆட்களுக்கு இருப்பது இனிஷியலும் பெயரும். முதல் கட்டத்தில் பெயரும் அடுத்ததில் இனிஷியலும் போட்டால் கடிதம் "டியர் மிஸ்டர் கே" என்று ஆரம்பிக்கும். எங்கள் ஆபீஸ் அக்காதான் வழி கண்டுபிடித்தார். இருபது வருஷமாகக் கடிதம் அடிப்பவர். பத்திரத்தில் உள்ள பெயர், உறையில் எழுதும் பெயர், கடிதத்தில் விளிக்கும் பெயர் என்று மூன்று கட்டம் போடச் சொன்னார். அன்றிலிருந்து டெம்ப்ளேட் எல்லாம் அவர் கையில்தான்.

எந்தப் பொருள், என்ன தரம் என்று சொல்லும் ஸ்பெசிஃபிகேஷன் இன்னும் ஆபத்தானது. மணமேடை கண்ணில் பட்டுவிடும், இது படாது. பழைய டெண்டரிலிருந்து வெட்டி ஒட்டியே வந்ததில், 2021 வரை எங்கள் பிஓக்யூவில் (வேலைகளின் அளவுப் பட்டியல்) 43 கிரேடு சிமென்டுக்கு ஐ.எஸ். 8112 என்ற பழைய இந்தியத் தர எண்ணே இருந்தது. 2015-இலேயே 33, 43, 53 மூன்று கிரேடும் ஐ.எஸ். 269-க்குள் போய்விட்டன. மணலுக்கும் அதே கதை. சைட்டில் எம்-சாண்ட் கொட்டிக் கிடக்க, எங்கள் பத்தி 'இயற்கையான ஆற்று மணல்' என்று சொல்லிக்கொண்டிருந்தது. இப்போது பத்திகளை ஒரு பொது இடத்தில் வைத்து, ஒவ்வொன்றுக்கும் கடைசியாகப் பார்த்த தேதி போட்டிருக்கிறோம். டெண்டர் போடும்போது அங்கிருந்துதான் வேர்டுக்கு வர வேண்டும், பழைய ஃபைலிலிருந்து அல்ல.

வேர்டையும் சாஃப்ட்வேரையும் இணைப்பது நல்லது என்று இவ்வளவு சொல்கிற நானே, ஒரு இடத்தில் அந்த இணைப்பை அறுக்கச் சொல்வேன். ஒரு காண்ட்ராக்டர், டிராயிங் தாமதமாக வந்தது என்று கால நீட்டிப்புக் கேட்டார். கிளையன்ட்டையும் வைத்துக்கொண்டு எங்கள் டிரான்ஸ்மிட்டல் கடிதத்தைத் திரையில் திறந்தேன். அதில் அன்றைய தேதி! தானாக மாறும் தேதியைப் போட்டு வைத்திருந்தோம், திறக்கும்போதெல்லாம் அது புதுசாகிக்கொண்டிருந்தது. "இன்னிக்குத்தான் அனுப்புறீங்களா சார்?" என்றார் அவருடைய இன்ஜினியர். ஈமெயில் இருந்ததால் தப்பினோம். அதன் பிறகு, அனுப்பும் நிமிடத்தில் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல், ஷிஃப்ட், எஃப்9 மூன்றையும் சேர்த்து அழுத்துகிறோம். ஃபீல்டுகள் வெறும் எழுத்தாகிவிடும். பிடிஎஃப் எடுத்து, அதைத்தான் சாஃப்ட்வேரில் ஏற்றுகிறோம்.

தமிழ் மனுக்களைப் பற்றி ஒரு வரி. எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடுக்குத் தமிழக அரசு மாறச் சொன்னது 2010-இல். எங்கள் பழைய மனுக்கள் வானவில் என்ற பழைய எழுத்துருவில் இருக்கின்றன. அந்த எழுத்துருவுக்கு வெளியே எடுத்தால் ஆங்கில எழுத்துகளின் குப்பை, எந்தத் தேடலிலும் சிக்காது. மொத்தமாக மாற்றும் ஆசையை விட்டுவிட்டோம். தேவைப்படும்போது ஒன்றொன்றாக.

இன்னும் தீராதது டைட்டில் பிளாக், அதாவது டிராயிங்கின் மூலையில் இருக்கும் பெயர்க் கட்டம். கம்ப்யூட்டரில் வரையும் கேட் (CAD) டிராயிங்கில் அந்தப் பெயரை இப்போதும் கையால்தான் அடிக்கிறோம். போன மாதம் ஒரு கிளையன்ட் நியூமராலஜி பார்த்து ஆங்கிலப் பெயரில் ஒரு 'ஏ' கூட்டிக்கொண்டார். அக்கா சாஃப்ட்வேரில் அந்தப் பெயர்க் கட்டத்தைத் திருத்தினார், அன்று மாலையே கடிதங்களில் புதுப்பெயர். பத்திரப் பெயர் தனிக் கட்டத்தில் இருந்ததால் பிளான் அப்ரூவலுக்குப் போன விண்ணப்பத்தில் பழைய பெயர் அப்படியே நின்றது. சைட்டுக்குப் போன 34 டிராயிங்கில்தான் சிலதில் அந்த 'ஏ' இருக்கிறது, சிலதில் இல்லை. கிளையன்ட் இன்னும் கவனிக்கவில்லை.